பதிவேட்டில் இல்லாத பெயர்

எங்கள் அப்பா சடகோபன் திருவள்ளூர் பெருமாள் கோயிலில் தினமும் ஆயிரம் பெயர் சொல்லி அர்ச்சனை செய்கிறவர். ஒரே பெருமாளுக்கு எதற்கு ஆயிரம் பெயர் என்று எட்டு வயதில் கேட்டு, கன்னத்தில் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு பெயர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி வார்ப்படத் தொழிற்சாலையில் டைம் கீப்பராகச் சேர்ந்ததும் பெயர் கேட்பதே என் பிழைப்பாகிவிட்டது. காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு ஜன்னலில் வந்து நிற்கிறவன் தன் பெயரைச் சொல்வான். நான் பலகையிலிருந்து அவன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் ஒரு டிக் போடுவேன். சாயங்காலம் டோக்கன் திரும்பி வந்தால் ஆளும் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

என் பெயர் எம்பார். திருவள்ளூரில் அந்தப் பெயரைச் சொன்னால் நாலு பேர் கைகூப்புவார்கள். எனக்காக அல்ல, அந்தப் பெயரில் இருந்த ஆசாரியருக்காக. இங்கே வாட்ச்மேன் தாவீது முதல் நாளே, "இது ஊர் பேரா சாமி, ஆள் பேரா?" என்று கேட்டான். பெயருக்கு இருந்த மரியாதையெல்லாம் ரயில் ஏறும்போதே இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனால் வேலைக்கு வர முடியாவிட்டால் அவன் மச்சானோ சினேகிதனோ ஜன்னலுக்கு வந்து அவன் பெயரைச் சொல்லி டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவான். அன்றைக்கு முழுக்க அவனுக்கு அந்தப் பெயர்தான். மாசத்தில் மூன்று நாள் வராதவனை நிறுத்திவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகத்தைப் பார்க்காமல் டோக்கனை நீட்டக் கற்றுக்கொண்டிருந்தேன்.

எழுபத்து நாலாம் வருஷம் புரட்டாசியில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். பெயருக்குச் சொந்தக்காரன், பெயரில் நின்றவன், இருவரையும் வெளியே அனுப்பினார்கள். மேனேஜர் துளசிராமன் ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். இனிமேல் அப்படி நடந்தால், தெரிந்தே டோக்கன் கொடுத்த டைம் கீப்பருக்கும் அதே கதிதான் என்பது அதில் மூன்றாவது வரி. என் வேலைக்கு உலை வைக்கும் வரியை நானே பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மாசம், மூன்று நாளாக மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, ஜன்னலில் நெட்டைக் கழுத்து ஒன்று குனிந்தது.

"ஜெயராஜ்," என்றான்.

ஜெயராஜ் குள்ளம். இவன் சுப்பராயன். பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் குடியிருக்கிறவன். வேலை கேட்டு வந்தவர்கள் பெயரை நான் ஒரு நோட்டில் எழுதி மேஜைக்குள் வைத்திருந்தேன். அதில் இரண்டு வருஷமாகப் பதினாலாவது பெயராக அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"ஜெயராஜுக்கு ஒரே ராத்திரியில கழுத்து இவ்வளவு வளர்ந்துடுத்தா?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவன் பொஞ்சாதி கிரேஸுக்கு நோவு எடுத்துக்கிச்சு சாமி. தலச்சன் பிரசவம். அவன் இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாளு வரல. இன்னிக்கும் வரலைன்னா சீட்டு கிழிஞ்சிரும். நானு மண்ணுக் கொட்டாய்லதான் நிப்பேன், யார் கண்ணுலயும் படமாட்டேன்."

இருபத்தேழாம் நம்பர் டோக்கனை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு காபி குடித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மண் கொட்டகை என்பது வார்ப்பு அச்சுக்கான மணலைக் குவித்து வைக்கும் இடம். மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழையில் ஊறிய பின்பக்கச் சுவர் பதினொன்று பத்துக்கு விழுந்தது. நேரம் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை, அதனால் அன்றைய நிமிஷங்கள் எல்லாம் எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கின்றன. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது கொட்டகை இருந்த இடத்தில் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் நின்ற இரண்டு பேரை ரத்தத்தோடு இழுத்து வந்து லாரியில் போட்டுப் பொன்னேரிக்கு அனுப்பினார்கள். ஒருவனுக்கு நினைவு இல்லை. இன்னொருவன் தாடை உடைந்து பேச முடியாமல் கையைக் கையை ஆட்டினான். அவன் என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"எம்பார், ரிஜிஸ்டரை எடுங்கோ. எல்லாரையும் வெளியில நிறுத்திப் பேரைக் கூப்பிடுங்கோ," என்றார் மேனேஜர்.

பதினொன்று இருபத்தைந்து. கேட்டுக்கு அருகில் ஆட்களை நிற்க வைத்துக் கூப்பிட ஆரம்பித்தேன். நாற்பத்திரண்டு பெயர். லாரியில் போன இரண்டு போக நாற்பது. ஒவ்வொருவனும் "இருக்கேன் சார்" என்றான். இருபத்தேழுக்கு வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூட்டத்தில் நெட்டைக் கழுத்து தெரியவில்லை.

"ஜெயராஜ்."



"இருக்கேன் சார்."

பின்வரிசையில் நிஜ ஜெயராஜ் நின்றிருந்தான். அவன் வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறான். மற்றவர்கள் தலையெல்லாம் செங்கல் தூளாக இருக்க, அவன் மட்டும் துவைத்த சட்டையில் இருந்தான். தன் பெயரைக் கேட்டதும் பயத்தில் பதில் சொல்லிவிட்டான். பத்து வருஷம் தினமும் பதில் சொன்ன வாய் அது. அவனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் டிக் போட்டேன்.

"எல்லாரும் இருக்கா சார்," என்றேன்.

மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பெருமாள் காப்பாத்தினார். பக்கச் சுவர் ரெண்டும் சாய்ஞ்சு நிக்கறது. மெட்ராஸ்லேர்ந்து இன்ஜினியர் வர்ற வரைக்கும் ஒருத்தனும் கிட்டக்கப் போகக்கூடாது." கடப்பாறையோடு போன நாலு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

நான் ஜெயராஜைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"அவன் எங்கேடா?"

"வெளிய வந்துருப்பான் சாமி." அவன் வேலிப் பக்கம் கை காட்டினான். "ஏதாச்சும்னா பின்னால வேலி ஏறிக் குதிச்சு ஊட்டுக்கு ஓடிருடான்னு நாந்தான் சொல்லி அனுப்சேன். போயிருப்பான்."

"நிச்சயமா?"

"போயிருப்பான் சாமி."

நம்ப முடிகிற பேச்சுதான். அதை நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது. ஒரு ஆளை அனுப்பிக் காலனியில் பார்த்து வரச் சொல்லியிருக்கலாம். யாரை அனுப்புவது, என்ன சொல்லி அனுப்புவது என்று யோசித்தே நேரம் போயிற்று. யோசிப்பது என்று நான் சொல்வது பயத்தைத்தான். அப்பாவுக்குக் கோயிலில் கிடைப்பது பிரசாதமும் மரியாதையும். வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில். தங்கை வைஜயந்திக்குத் தை மாசம் கல்யாணம். இதெல்லாம் காரணம் என்று அன்றைக்குத் தோன்றியது.

பன்னிரண்டு ஐந்துக்குக் கேட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் தூக்குச் சட்டி.

"ஊட்டுக்காரருக்கு சோறு எத்தாந்தேன்," என்றாள் தாவீதிடம்.

வேலை கேட்டு வந்த நாட்களில் சுப்பராயனோடு அவளைப் பார்த்திருக்கிறேன். அவன் வேலி குதிக்கவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. உள்ளே இருக்கிறான்.

"இன்னிக்கு யாருக்கும் சோறு கெடையாதும்மா. செவுரு உழுந்து பேஜாராக் கெடக்குது. உன் ஆளு யாரு?" என்றான் தாவீது.

"மண்ணுக் கொட்டாய்ல வேல செய்றாரு."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "எம்பார், யாருன்னு விசாரிங்கோ."

பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். இப்போது சொல்லப் போவதைப் பல வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் நான் கேட்டது இதுதான்:

"உன் புருஷன் பேர் என்னம்மா?"

அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். எங்கள் அம்மா கமலவல்லி ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவரிடம் அப்பா பெயரைச் சொல்லாமல், "நம்மாழ்வார் பேரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டவள். பெண்டாட்டி வாயால் பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் தெருவில் நம்பியதையே அந்தக் காலனியிலும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வள்ளிக்கு நைனா," என்றாள்.

"பேர் சொன்னாத்தானே பார்க்க முடியும்?"

"திருத்தணி மேல கீறாரே, அவுரு பேரு."

"முருகனா?" என்றான் தாவீது.

இல்லை என்று தலையாட்டினாள்.

"கந்தசாமியா? வேலாயுதமா? ஆறுமுகமா?"

பதிவேட்டில் இரண்டு ஆறுமுகமும் ஒரு வேலாயுதமும் இருந்தார்கள். மேனேஜர் கூப்பிட, மூவரும் எழுந்து நின்றார்கள். அவள் மூன்று முகத்தையும் பார்த்துவிட்டு, "இவுங்க இல்ல சார்," என்றாள். யாரோ சிரித்தான். தாவீது இன்னும் இரண்டு பெயர் சொல்லிப் பார்த்தான். திருத்தணிக்காரருக்கும் பெயருக்குப் பஞ்சமில்லை. சரியான பெயர் அவன் வாயில் வந்துவிடுமோ என்று இருந்தது. வந்துவிடாதா என்றும் இருந்தது.

ஜெயராஜ் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் வெளியில வந்தாச்சும்மா. உன் ஆள் வேற கம்பெனியா இருக்கும், போய்ப் பாரு," என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை. அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது.

அவள் போகத்தான் திரும்பினாள். கேட் ஓரத்தில் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பெனி கொடுத்த பூட்ஸ் போட்டுக்கொள்ளும் இடம் இருக்கிறது. அங்கே வரிசையாகக் கிடந்த செருப்புகளின் முன் நின்றுவிட்டாள். ஒரு ஜோடி டயர் செருப்பில் அறுந்த வாருக்குப் பதில் பச்சைப் புடவைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தது. அவள் கட்டியிருந்த புடவையும் பச்சை. தலைப்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கரை இல்லை.

"இது அவுரு செருப்பு," என்றாள். "செருப்பு இங்க கீது. அவுரு எங்க?"

அவள் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். சரிந்து கிடந்த கொட்டகைப் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்து மூடினாள். இரண்டாவது முறை திறந்தபோது குரல் வந்தது.

"சுப்பராயன்!"

எங்களுக்குச் சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்டாள். தாலி கட்டிய நாளிலிருந்து நாக்குக்கு அடியில் வைத்திருந்த பெயரை அத்தனை ஆம்பிளைகள் நடுவில் நின்று கத்தினாள்.

"சுப்பராயன்! ஏய், சுப்பராயன்!"

மேனேஜர் என்னிடம் வேகமாக வந்தார். "யாரது சுப்பராயன்? பாருங்கோ."

நான் பதிவேட்டைப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டினேன். என்ன இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த புத்தகத்தை அப்படிப் புரட்டினேன்.

"அந்தப் பேர்ல யாரும் இல்லை சார்."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த நிமிஷம் என்னை நினைத்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் வாய் அதற்கு மேல் திறக்கவில்லை.

பன்னிரண்டு இருபது. ஜெயராஜ் தலையில் அடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான்.

"நானு இன்னிக்கு வேலைக்கே வர்ல சார்! என் பேர்ல அவன் வந்தான். உள்ள கீறான் சார். அவன் உள்ள கீறான்!"

சொல்லி முடிக்குமுன் ஓடினான். சாய்ந்து நின்ற சுவரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. மற்ற எல்லாரும் பின்னால் ஓடினார்கள். மண்வெட்டி கிடைத்தவன் மண்வெட்டியால், கிடைக்காதவன் கையால் மணலைத் தள்ளினான். மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு செங்கல்லைத் தூக்கிப் போட்டார். தாவீது ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டே தோண்டினான். நான் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்றேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவனை எடுத்தார்கள். கூரைத் தகடு ஒன்று குறுக்கே விழுந்து அவன் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. மணல் மார்புவரை இறுக்கியிருந்தது. இரண்டு கையிலும் நகங்கள் பிய்ந்திருந்தன. உள்ளிருந்து அவனும் தோண்டியிருக்கிறான். உடம்பில் சூடு ஆறவில்லை. பொன்னேரி டாக்டர், எடுத்தபோது உயிர் போய் அரைமணி நேரம்தான் ஆகியிருக்கும் என்றார். பன்னிரண்டேகாலுக்கு மேல் போயிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

செண்பகம் என்பது அவள் பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழவில்லை. டாக்டர் சொன்ன நேரத்தைக் காலனிப் பெண்கள் அவளுக்கு விளங்கச் சொன்னார்கள். அவள் கேட்டில் வந்து நின்று கத்தின நேரம் அது.

"நா பேர சொல்லிட்டேன்," என்றாள். "அதான்."

பெண்கள் இல்லை என்று சொல்லவில்லை. குப்பம்மாள் என்ற வயசான ஒருத்தி மட்டும் அவள் முதுகைத் தடவினாள். மற்றவர்கள் முகத்தில் அதே எண்ணம் எழுதியிருந்தது.

மறுநாள் விசாரணை. "டைம் ஆபீஸ் சாமிக்கு ஒண்ணும் தெரியாது சார். கூட்டத்துல மொகம் பாக்காம குடுத்துட்டாரு," என்றான் ஜெயராஜ். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். அவனை நீக்கினார்கள். பிறந்து ஒரு நாளே ஆன குழந்தையோடு கிரேஸ் வீட்டில் இருக்க, அவன் அத்திப்பட்டுப் பக்கம் கூலிக்குப் போய்விட்டான். எனக்கு, இனிமேல் முகம் பார்த்து டோக்கன் கொடுக்கும்படி ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

நோட்டில் பதினாலாவது பெயரை அடித்துவிட வேண்டும் என்று தினமும் மேஜையைத் திறப்பேன். பேனாவை எடுப்பேன். மூடிவிடுவேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் காலனிக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து முறத்தைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

"உன்னால அவன் போகலைம்மா," என்றேன். ரோடு முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது அதுதான். "அன்னிக்குக் காலம்பர டோக்கன் குடுத்தது நான். அவன் யாருன்னு தெரிஞ்சே குடுத்தேன். பேர் கூப்பிடறப்போ அவன் வெளியில இல்லேன்னு எனக்குத் தெரியும்."

"எப்போ தெரியும்?"

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு."

"அதுன்னா இன்னா நேரம்?"

கடிகாரக் கணக்கை விட்டுவிட்டுச் சொன்னேன். "நீ அவனுக்குச் சோறு எடுத்துண்டு கிளம்பறதுக்கு முன்னால."

அவள் யோசித்தாள். "அப்போ சோறு வடிச்சிக்கினு இருந்தேன்."

"அப்பவே தெரியும். அப்போ அவன் உயிரோட இருந்தான். நீ சொன்னதால போகலைம்மா. நான் சொல்லாததால போனான்."

அவள் என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அது நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சொல்லு," என்றாள்.

"என்னம்மா?"

"அவுரு பேரு. அன்னிக்கு சொல்லலல்ல? இப்போ சொல்லு."

"சுப்பராயன்," என்றேன்.

"கேக்கல."

"சுப்பராயன்."

"நானு கத்தினேனே, அந்த மாரி சொல்லு சாமி."

பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"சுப்பராயன்!"

உள்ளே படுத்திருந்த குழந்தை எழுந்து வந்தாள். நாலு வயசு இருக்கும். தூக்கக் கலக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். வெளியே நின்று யார் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள்.

"நைனா வேலைக்குப் போய்க்கிறாரு," என்றாள். "சாயங்காலமா வா."